மாப்பிள்ளைத் தையல்

மாமியாரிடம் மாப்பிள்ளை எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். பாடம் மட்டும் கேட்கக் கூடாது. மாப்பிள்ளை செய்வது தப்பு என்று அவர் வாயால் சொல்ல மாட்டார். வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதிவிட்டு வந்து நின்றால்கூட, "இந்தச் சொவத்த யாரு இங்கன கொண்டாந்து கட்டினது?" என்று கேட்கிற தலைமுறை அது. என் அத்தை அந்தத் தலைமுறை. அவரிடம்தான் நான் தையல் கற்றேன்.

கற்கக் காரணம் கைலி. கைலி வாங்குவது சுலபம், மூட்டுவதுதான் பாடு. முன்பெல்லாம் எனக்கு அந்தக் கவலை இல்லை. மதுரையில் மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபம் இருக்கிறது. பெயரில்தான் புது, வயது 400-ஐ நெருங்குகிறது. நாயக்க மன்னர்கள் கல்லாய்க் கைகூப்பி நிற்க, அவர்கள் காலடியில் வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடம் போடுகிறவர்களின் உடைகள் முக்கால்வாசி அங்கேதான் தைக்கப்படும். கைலியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கடையில் பஞ்சாங்கம் புரட்டினால், ராகுகாலம் பார்த்து முடிப்பதற்குள் மூட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். மண்டபத்தின் தொன்மையைக் காக்க வேண்டுமென்று கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். மண்டபத்துக்கு நல்லது. என் கைலிக்குத்தான் போக்கிடம் இல்லை.

எங்கள் தெருத் தையல்காரர் ஜாக்கெட், சுடிதாரில் கரைகண்டவர். அவரிடம் கைலியை நீட்டினால், கல்யாண சமையல்காரரிடம் ஒரு முட்டை அவித்துத் தரச் சொன்ன மாதிரி பார்ப்பார். பட்டன், பாக்கெட் கிழிசல், ஜிப் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "வச்சிட்டுப் போங்க சார், பாப்போம்." அவர் பார்ப்பது தீபாவளி கழித்து. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பழையதைப் பிரித்துத் தைப்பதில் புதிதாகத் தைப்பதைவிட வேலை கூட. கூலியோ பாதி கேட்டாலே நாம் முகம் சுளிப்போம்.

அத்தையின் மெஷின் எங்கள் வீட்டில்தான் இருந்தது. கறுப்பு உஷா, கல்கத்தா ஜே இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தயாரிப்பு, கழுத்தில் தங்க நிறப் பூ, கீழே இரும்பு மிதி. அத்தையின் கல்யாணச் சீரோடு வந்தது. பல வருடமாக அதன்மேல் அயர்ன் பண்ண வேண்டிய துணிதான் உட்கார்ந்திருந்தது.

"கத்துக்கிறேன் அத்தை" என்றேன். அத்தை என்னிடம் பதில் சொல்லவில்லை. மகளைப் பார்த்து, "ஏத்தா, முதல்ல கைத்தையல் போடச் சொல்லு மாப்ளய" என்றார். நான் இரண்டடி தள்ளித்தான் நிற்கிறேன். பாடம் எல்லாமே இப்படி என் மனைவி வழியாகத்தான் வரும். அவள் அடுப்படியில் இருந்தால் வகுப்பு கிடையாது.

பட்டினத்தார் காதற்ற ஊசியைப் பார்த்துத் துறவியானார். எனக்குக் காதுள்ள ஊசியே போதும் போலிருந்தது. மூக்குக் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கியும் பார்த்தேன், நூல் காதைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட அத்தை அதை வாங்கி, ஊசியைப் பார்க்காமல் டிவி சீரியலைப் பார்த்தபடியே கோத்துக் கொடுத்தார். "இப்ப வர்ற ஊசிக்கெல்லாம் சரியா காதே குத்துறதில்ல" என்று மகளிடம் ஆறுதல் வேறு.

அடிக்கடி எழுந்து கோக்க வேண்டாமே என்று நான் இரண்டு பாக நீளத்துக்கு நூலை இழுத்து வைத்தேன். மூன்றாவது தையலிலேயே முடிச்சு விழுந்தது. ஒரு முழத்துக்கு மேல் நூல் எடுக்கக் கூடாது என்பதுதான் பாலபாடம். அத்தை அதைச் சொல்லவில்லை. "மில்லுல நூலு சரியா முறுக்கல" என்றார். மறுநாள் என் பக்கத்தில் ஒரு முழமாக வெட்டிய நூல்கள் வரிசையாக அடுக்கியிருந்தன, யார் வெட்டியது என்று எழுதாமல்.

ஒன்று சொல்ல வேண்டும். பட்டன் தைக்க அவர் காட்டிய முறைக்கு இன்றுவரை நான் அடிமை. பட்டனை இறுக்கித் தைத்தால் காஜாவுக்குள் மாட்ட இடமிருக்காது, துணி சுருங்கும், ஒரு மாதத்தில் பட்டன் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் பட்டன் முகத்தின்மேல் ஒரு தீக்குச்சியைக் குறுக்கே வைத்து, அதற்கு மேலாக நூலை ஓட்டித் தைக்க வேண்டும். தைத்தபின் குச்சியை உருவிவிட்டுப் பட்டனை மேலே இழுத்தால், துணிக்கும் பட்டனுக்கும் நடுவே கொஞ்சம் நூல் தளர்ந்து நிற்கும். அந்த நூலைச் சுற்றி நாலைந்து சுற்று சுற்றி அடியில் முடிந்தால் பட்டனுக்கு ஒரு காம்பு கிடைத்துவிடும். சட்டை கிழிந்தாலும் பட்டன் நிற்கும். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் நடக்கிறது.

மெஷின் பாடம் நூல் இல்லாமல் தொடங்கியது. மிதியை மிதிக்கப் பழக, வெறும் ஊசியோடு நியூஸ்பேப்பரை ஓட்டுவது பழைய வழக்கம். சக்கரத்தைக் கையால் நம் பக்கமாக ஒரு தள்ளு தள்ளிவிட்டு, கால் அதன் போக்கிலேயே போக வேண்டும். கால் முந்தினால் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றும். அப்போது நூல் இருந்தால் பட்டென்று அறும். நான் தங்கம் விலைப் பத்தியின் ஓரக்கோட்டைப் பிடித்துக் கிளம்பினேன். ஊசி வெள்ளியைக் கடந்து, ஒரு அமைச்சரின் மீசை வழியாகப் போய், கண்ணீர் அஞ்சலியில் முடிந்தது. அத்தை பேப்பரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மாப்ளைக்குக் கால் ஓட்டம் நல்லா இருக்கு. பேப்பர்க்காரன்தான் கோணலா அச்சடிச்சிருக்கான்."

தைக்க வராதவன் தையலைப் பற்றிப் படிப்பான். நானும் படித்தேன். மெஷின் ஊசிக்குக் காது தலையில் இல்லை, முனையில் இருக்கிறது. அப்படி ஊசி வைத்த மெஷினுக்கு அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846-ல் காப்புரிமை வாங்கினார். ஐசக் சிங்கர் 1851-ல் தன் மெஷினுக்கு வாங்கினார். ஹோ வழக்குப் போட்டு ஜெயித்து, சிங்கரிடம் பணம் கறந்தார். ஆனால் பெயர் என்னவோ சிங்கருக்குத்தான். 1924-ல் ராமச்சந்திரன் என்ற மாணவர் காந்தியிடம், எல்லா இயந்திரத்தையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். தையல் மெஷினுக்கு விலக்கு உண்டு என்றார் காந்தி. மனைவி கையால் தைத்துத் தைத்து ஓய்வதைப் பொறுக்காமல், அன்பினால் சிங்கர் செய்தது அது என்றும் சொன்னார். அந்த மாணவர்தான் பிற்பாடு டாக்டர் சௌந்தரத்தோடு திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமம் கண்ட ஜி. ராமச்சந்திரன். சிங்கரின் அன்பைப் பற்றி வரலாறு சொல்வது வேறு. ஒரே சமயத்தில் பல குடும்பம், இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். எனக்கு ஓடிய எண்ணம் ஒன்றுதான். அந்த மனிதருக்கு எத்தனை மாமியார் இருந்திருப்பார்கள்!

நூல் போட்டு ஓட்டியபோது மேல்பக்கத் தையல் முத்து மாதிரி விழுந்தது. துணியைத் திருப்பினால் அடியில் நூல் பந்து. பாபினைக் கழற்றி மாட்டினேன், பாபின் கேஸை ஊதினேன், மறுபடியும் பந்து. பந்து விழுவது கீழே, கோளாறு பெரும்பாலும் மேலே. மேல்நூலை டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே அழுத்தாமல் விட்டாலோ, ஏறி இறங்குகிற கொக்கியில் மாட்டாமல் விட்டாலோ, ஊசி கீழே கொண்டுபோன நூலை மேலே இழுக்க ஆளிருக்காது. இது எனக்குத் தெரிய ரொம்ப நாளானது. ஏனென்றால் அத்தை, "மெஷினுக்கு எண்ணெய் விடணும்" என்று மட்டும் சொல்வார். எண்ணெய் விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவேன். திரும்பி வந்தால் மெஷின் ஒழுங்காகத் தைக்கும். எண்ணெயின் மகிமையைத் தெருவெல்லாம் சொன்னேன். ஒருநாள் தண்ணீர்ச் சொம்போடு பாதியில் திரும்பியபோது, பீரோக் கண்ணாடியில் பார்த்தேன். அத்தை எட்டி, நூலை எடுத்துக் கொக்கியில் மாட்டி, ஒன்றும் தெரியாதவர்போலப் போய் உட்கார்ந்துகொண்டிருந்தார். பார்த்ததை நானும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கும் ஒரு மரியாதை இருக்கிறதே.

தலையணை உறை தைத்தேன், பழைய சேலையில் பை தைத்தேன், உள்ளே தலையணை போகாத உறையைக் கால்மிதியாக்கினேன். அடுத்தது கைலி. மூட்டுகிற இடத்தில் கட்டத்தோடு கட்டம் சேர வேண்டும், அதுதான் கைலிக்கு அழகு. நான் கட்டத்தைச் சேர்ப்பதிலேயே கண்ணாக இருந்தேன். நூல் பிடித்தாற்போல் சேர்ந்தது. கெட்டியாக இரண்டு ஓட்டம் ஓட்டி, பெருமையாக உதறிக் கட்டப் போனேன். கைலி நடுவில் முறுக்கிக்கொண்டு நின்றது. எப்படித் திருப்பினாலும் ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கமாக வந்தது.

கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருக்கும் மச்சினன் அன்று வந்திருந்தான். கைலியின் ஓரத்தில் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே போனான். "மச்சான், இது மொபியஸ் பட்டை! 1858-ல் ஜெர்மன்காரர் கண்டுபிடித்தது. இதற்கு ஒரே பக்கம், ஒரே ஓரம். உள்பக்கம் வெளிப்பக்கமே கிடையாது. வகுப்புக்குக் கொண்டுபோகட்டுமா?"

"அப்படியானால் இனி கைலியை மாற்றிக் கட்டிவிட்டேன் என்ற பேச்சே இல்லை" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அத்தையைப் பார்த்தோம். அத்தை துணியைத் தடவிப் பார்த்தார், நல்ல நெசவு. ஊசி புதிது, அவரே வாங்கியது. மெஷினில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. கடைசியாக அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். காலையிலிருந்து கரண்ட் இல்லை. பழிபோட வீட்டில் வேறொன்றும் மிச்சமில்லை என்று ஆனபின், மகளை விட்டுவிட்டு முதல்முறையாக நேரே என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மாப்ள, பிரிங்க."

அரை பிளேடை என் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் நாலு தையலுக்கு ஒரு தையலாக அறுத்துக்கொண்டே போய், மறுபக்கத்து நூலைப் பிடித்து இழுத்தால் முழுசாக வந்துவிடும் என்று அவரே அறுத்தும் காட்டினார். அன்றைக்குத் திறந்த வாய்தான். "காலை அடக்குங்க", "கத்திரியத் தூக்காம வெட்டுங்க", "அது என்ன தையலா, நண்டு ஊர்ந்த தடமா?" தரகர் வேலை போனதில் என் மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம். "எங்கம்மா உங்கள இப்படிப் பேசி நான் பாத்ததே இல்லங்க" என்றாள்.

போன வாரம் அத்தை தன் சுங்குடிச் சேலையையும் ஒரு ஃபால்ஸையும் கொண்டுவந்து மெஷின்மேல் வைத்தார்.

"ஃபால்ஸ நனைச்சுக் காயப்போட்டுட்டுத்தான் அடிக்கணும், இல்லேன்னா தொவைச்சதும் இழுத்துக்கும். அடியில மெஷின் ஓட்டுங்க, மேல கை ஹெம்மிங். தையல் வெளிய தெரியக் கூடாது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு உடுத்தணும்."

"கோணிப்போச்சுன்னா, அத்தை?"

"பிளேடு ஜன்னல்ல இருக்கு."