ரிமோட்டு வாத்தியாருக்குத் தாத்தா சொல்லுதேன்

எய்யா, எம்.எட். முடிச்சாச்சு, அடுத்து கல்வித் தொழில்நுட்பத்துல பிஎச்.டி. பண்ணி யுனிவர்சிட்டி வாத்தியாராப் போகப் போறேன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதியாமே. உங்க அம்மை சொன்னா. ரொம்ப சந்தோசம். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து கிள்ளின குடும்பத்துலருந்து ஒரு டிஜிட்டல் வாத்தியார் வாரான்னா எனக்குப் பெருமை இல்லாமலா? அதான் கேக்காமலே புத்தி சொல்லுதேன். நீ கேட்டு நான் சொன்னா மதிப்புதான். ஆனா நீ எங்க கேக்கப் போற.

மொதல்ல, போற எடத்துல என்ன படிச்சேன்னு ஒருத்தன்கிட்டயும் வாயத் தொறந்துராத. பிள்ளைகளுக்கு எது எங்கன முட்டுது, எந்தப் பாடத்தைப் படமாக் காட்டணும், எதைக் கரும்பலகையிலயே விட்டுரணும்னு நீ வருசக்கணக்கா மண்டையை உடைச்சுப் படிச்சிருப்ப. துறைத் தலைவர் உன்கிட்ட கேக்கப் போறது ஒண்ணே ஒண்ணுதான்: "தம்பி, இந்தப் புரொஜெக்டர் ஏன் நீலமாவே நிக்குது?" நீயும் எளந்தாரி முறுக்குல போயி வயரைப் பிடுங்கிச் சொருகுவ. படம் வந்துரும். அன்னையிலருந்து ரிட்டயர்மெண்டு வரைக்கும் அந்த ரிமோட்டு உன் கையிலதான். செமினார்னா மைக்கு உன் பொறுப்பு, துணைவேந்தர் பேசுனா ஜூம் லிங்க்கு உன் பொறுப்பு, கரண்டு போனாலும் உன்னையத்தான் மொறைப்பாங்க. அதனால மொத நாளே சுவிட்ச் போர்டைக் கண்டா பயந்து ரெண்டடி பின்னால போற மாதிரி நடிச்சுப் பழகிக்கோ.

வேலைக்குள்ள நுழையுறதுக்கும் ஒரு சூட்சுமம் இருக்கு. காலேஜு வாத்தியார் வேலைக்குத் தகுதி பாக்குத யூஜிசி நெட் பரீட்சையில 'கல்வி'ன்னு ஒரு பாடம் உண்டு. உன் கல்வித் தொழில்நுட்பத்துக்குத் தனியா ஒண்ணும் கிடையாது. திருச்சி பாரதிதாசன்லயும் கோயம்புத்தூர் பாரதியார்லயும் அந்தப் பேர்லயே துறை நடத்துதாங்க. பம்பாய் ஐஐடியில அதுலயே பிஎச்.டி.யும் குடுக்காங்க. ஆனா பரீட்சை எழுதப் போனா நீ வெறும் 'கல்வி'தான். பேரை மாத்திக்கிட்டு உள்ள போயி, அப்புறம் பைய உன் சோலியைப் பாரு.

நிரந்தர உதவிப் பேராசிரியர்னா அடிப்படைச் சம்பளமே 57,700 ரூவாயில ஆரம்பம். அந்த நாற்காலிக்கு விளம்பரம் வாரதுக்குள்ள உனக்கு முன்வழுக்கை விழுந்துரும். அதுவரைக்கும் கௌரவ விரிவுரையாளர். அவுகளுக்கு மாசம் 50,000 வரைக்கும் குடுக்கலாம்னு யூஜிசி 2019லயே சொல்லியாச்சு. பல எடத்துல அதுல பாதி துட்டா வருது, மீதி கௌரவமா வருதாம். நிரந்தரம் நிரந்தரம்னு ஏங்காத வே. நம்ம மாஞ்சோலைத் தோட்டத்தைக் கம்பெனிக்காரங்க 1929ல சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட 99 வருசக் குத்தகைக்கு எடுத்தாங்க. கணக்குப் பாத்தா 2028 வரைக்கும் ஓடணும். 2024லயே விருப்ப ஓய்வுக் காயிதத்தை நீட்டிட்டாங்க. பெரட்டுக்கு, அதான் காலையில வேலைக்கு ஆள் எண்ணுற எடத்துக்கு, போக வெள்ளன எந்திரிச்ச சனம், அந்தப் பழக்கத்துல இன்னும் எந்திரிச்சு சும்மா உக்காந்திருக்கு.

சரி, வேலை கிடைச்சுட்டுன்னே வச்சுக்குவோம். பதவி உயர்வுக்கு மார்க் வேணும். யூஜிசி 2018ல போட்ட விதியில ஒரு அட்டவணை இருக்கு, உங்க சித்தப்பனை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆன்லைன் பாடம்னா நாலு பகுதி இருக்கணுமாம்: வீடியோ, வாசிக்க எழுத்து, தன்னைத்தானே சோதிச்சுக்கக் கேள்வி, கூடிப் பேச ஒரு எடம். நாலு கிரெடிட்டுக்கு முழுசா ஒரு பாடம் செஞ்சா 20 மார்க். ஒரு மாட்யூல்னா 5. மாட்யூலுக்கு உக்காந்து எழுதுதவனுக்கு 2. ஒருங்கிணைப்பாளருக்கு 8. இதுல நீ யாரா ஆவணும்னு நான் வேற சொல்லணுமா?

உங்க ஆச்சி கொழுந்து கொண்டுபோன கதையேதான் இதுவும். தராசுல ஏத்துனா கிலோவுக்குக் கணக்கு. ஆனா அங்க கங்காணி கையை விட்டுத் துழாவி, முத்தல் இலை கலந்திருந்தா முகத்துக்கு நேர கொட்டிருவாரு. உன் வீடியோவுக்குள்ள கையை விட்டுத் துழாவ ஆள் கிடையாது. முத்தலைப் போடு, காம்பைப் போடு, எடை நிக்கும். பிள்ளைக்குப் புரிஞ்சுதான்னு அந்த அட்டவணையில ஒரு கட்டமும் நான் காணல. அது உனக்கு நல்லதுதானே, அதுக்குன்னு மெனக்கெட வேண்டாம்.

கொரோனா வருசம் உன் தங்கச்சி படிச்ச படிப்பை நீ பாக்கல, பாளையங்கோட்டை ஹாஸ்டல்ல அடைஞ்சு கிடந்த. லைன் வீட்டுக்குள்ள சிக்னல் எட்டாது. ரோட்டு வளைவுல ஒரு கலுங்கு இருக்குல்லா, அது மேல உக்காந்து குடையைப் பிடிச்சுக்கிட்டு போனைத் தூக்கிக் காட்டுவா. திரையில அந்த வாத்தியார் வாயைத் தொறந்த மேனிக்கு நிப்பாரு, நடுவுல வட்டம் சுத்தும். ஒரு மழை நாள் நான் பக்கத்துல இருந்தேன். அவ கணுக்கால்ல ஒரு அட்டை ஏறுச்சு. தட்டி விடுன்னேன், "தாத்தா, இப்ப ஆடுனா லைன் கட்டாயிரும்"னு சொல்லிட்டா. அட்டை நிதானமாக் குடிச்சு, உருண்டு, தானா கீழ விழுந்துட்டு. அதுக்கப்புறம்தான் வாத்தியார் வாயை மூடி, "எல்லாருக்கும் புரியுதா?"ன்னு கேட்டாரு. அட்டைக்குப் புரிஞ்சிருக்கும்.

அந்தக் காலத்துலருந்தே இதான் நடக்கு, நீ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி குதிக்காத. 1975ல அமெரிக்காக்காரன்கிட்ட ஒரு வருசத்துக்குச் செயற்கைக்கோளை எரவல் வாங்கி, ஆறு மாநிலத்துல 2,400 ஊருக்கு டிவியில பாடம் காட்டினாங்க. அந்த ஆறுல நம்ம மாநிலம் கிடையாது. 1984 சுதந்திர தினத்துல யூஜிசி தூர்தர்ஷன்ல வகுப்பு ஆரம்பிச்சுது, அது இங்கிலீசு. 2004ல படிப்புக்குன்னே எஜுசாட்டை ஸ்ரீஹரிகோட்டாவுலருந்து விட்டாங்க, 2010ல அதோட ஆயுசு முடிஞ்சுட்டு. ஒவ்வொரு தடவையும் வானத்துல எல்லாம் பிரமாதம், கீழ குடை பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருக்கு.

ஐஐடிக்காரங்களும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் 2003லருந்து நடத்துத என்பிடெல்லை மட்டும் நான் பழிக்க மாட்டேன், நாக்கு அழுகிரும். பெரிய பெரிய வாத்தியார் சொன்ன பாடம் அம்புட்டும் சும்மாவே கிடக்கு. சிலதை எழுத்துல தமிழாக்கியும் வச்சிருக்காங்க. 2017ல ஸ்வயம்னு ஆன்லைன் பாடத் தளம் வந்துச்சு. அதுல படிச்சு, செமஸ்டர் கிரெடிட்டுல 40 சதவீதம் வரைக்கும் எடுக்கலாம்னு 2021ல விதியும் வந்துட்டு. படிப்பை வீட்டுலருந்தே படிக்கலாம். பரீட்சைக்கு மட்டும் துட்டு கட்டி, மலையிறங்கி மணிமுத்தாறு தாண்டி, பஸ்ஸு பிடிச்சு திருநெல்வேலிக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால உக்காரணும். யானை ரோட்டை மறிச்சா பரீட்சைக்கு நேரமாயிட்டுன்னு அதுகிட்ட ஹால் டிக்கெட்டைக் காட்டு, வழி விடுதான்னு பாப்போம்.

கடைசியா ஒண்ணு. நீ வாத்தியாராயி மொத வீடியோ எடுக்கும்போது பச்சைத் துணி, மூணு லைட்டு, பேசுததுக்கு முன்னாடி ஒரு நிமிசம் மியூசிக்கு எல்லாம் வை, அதான் மரியாதை. ஆனா அதே பாடத்தை அஞ்சு நிமிசத் துண்டாக்கி, குரலை மட்டும் தனியா எறக்கிக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு பண்ணி, ரகசியமா உன் தங்கச்சிக்கு அனுப்பு. வெளிய தெரிய வேண்டாம். அதுக்கு எத்தனை மார்க்குன்னு சித்தப்பனை அந்த அட்டவணை பூரா தேடச் சொல்லிட்டேன். இல்லவே இல்லையாம்.