லினக்ஸ் எழாமை: ஓர் உறைநிலை ஆய்வு

லினக்ஸ் கணினி எழும்போதே உறைந்துபோவது நால்வகைப்படும்: இருட்டில் உறைதல், சுழல்வட்டத்தில் உறைதல், காத்திருந்து உறைதல், கடவுச்சொல் தந்தபின் உறைதல். மின்செருகி பிடுங்கிக் கிடப்பதை ஐந்தாவதாகச் சேர்ப்பாரும் உளர். அது உறைதல் அன்று, இன்மை எனப் பிறர் மறுப்பர்.

இருட்டுக்குப் பெரும்பாலும் வரைகலை அட்டையின் டிரைவரே காரணம். கணினி எழும்போது தோன்றும் க்ரப் பட்டியலில் ‘இ’ விசையைத் தட்டி, ‘லினக்ஸ்’ எனத் தொடங்கும் வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ சேர்த்து, எஃப்10 அழுத்துக. திருத்தம் அந்த ஒரு முறைக்கே செல்லும்.

சுழல்வட்டம் ஒரு திரைச்சீலை. அதே வரியில் ‘கொயட் ஸ்பிளாஷ்’ என்பதை நீக்கினால், பின்னால் நடப்பது வரிவரியாகத் தெரியும்.

காத்திருப்பின் வழக்கமான அளவு 1 நிமிடம் 30 விநாடி. எப்போதோ கழற்றிய வட்டின் பெயர், வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் தங்கியிருந்தால், தொடக்கப் பணிகளை நடத்தும் சிஸ்டம்டி அதற்காகக் காத்துக் கிடக்கும். அவ்வரியை நீக்குக; அல்லது ‘நோஃபெயில்’ சேர்க்க.

நான்காம் வகை: வட்டு நிரம்பியிருக்கக்கூடும். கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 வழியே நுழைந்து வேண்டாத கோப்புகளை நீக்குக.

இனி, எதற்கும் அசையாத கணினிக்குரிய ஆறெழுத்து. ஆல்ட், சிஸ்ஆர்க்யூ விசைகளைப் பிடித்தபடி ஆர், இ, ஐ, எஸ், யூ, பி என ஒவ்வொன்றாகத் தட்டுக. விசைப்பலகையை மீட்டல், நிரல்களை நிறுத்தச் சொல்லல், கேளாதவற்றைக் கொல்லல், வட்டில் எழுதி முடித்தல், கோப்பமைப்பைப் படிக்க மட்டும் என மாற்றல், மறுதொடக்கம் என்பன முறையே பொருள்.

எழுத்துகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி என்பதில் அறிஞர் இரு கட்சியாயினர். ஒரு விநாடி என்பார் முற்கட்சியினர். ஒரு பெருமூச்சு என்பார் பிற்கட்சியினர். பெருமூச்சு ஆளுக்காள் வேறுபடும் என்றது மறுப்பு. கணினி உறைந்த வேளையில் எல்லாருக்கும் ஒரே அளவே என்றது மறுப்பின் மறுப்பு. ‘ஒரே’ என்பதில் ஏகாரம் தேற்றமா பிரிநிலையா என்று வினவிய அடிக்குறிப்பு, அதைத் தாங்கிய நூலினும் பருத்தது. நூலாசிரியர் ஐவரும் விண்டோஸ் பயன்படுத்துவோர்.

உபுண்டுவின் இயல்பமைப்பில் இந்த ஆறெழுத்துக்குரிய அனுமதி எண் 176. அதாவது 128, 32, 16 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. இவை கடைசி மூன்று எழுத்துகளுக்கு மட்டுமே அனுமதி தருவன. முதல் மூன்றும் அங்கே வேலை செய்வதில்லை. ஆகவே அங்கு ஆராய்ச்சியில் சரிபாதி, நடவாத ஒன்றைப் பற்றியது. இது ஆராய்ச்சித் துறைக்குப் புதிதன்று.

அப்டேட்டுக்குப் பின் நேர்ந்த உறைதலாயின், க்ரப்பின் ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் பழைய கெர்னலைத் தேர்க. எழுந்ததும் ‘ஜர்னல்சிடிஎல் -பி -1’ கட்டளையிடின், முந்தைய முறையின் பதிவு சேமிக்கப்பட்டிருந்தால், கோளாறு பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். இதற்கு மட்டும் உரை எதுவும் எழுதப்படவில்லை. படித்தவர் கோளாறைச் சரிசெய்துவிட்டு எழுந்துபோய்விடுகின்றனர்.