வரம்பற்ற இலவசத் துறைக்கு ஒரு நன்றி மடல்

பெறுநர்: உயர்திரு ஆணையர் அவர்கள், வரம்பற்ற இலவசச் சேமிப்புத் துறை, மேகமண்டலம்.

பொருள்: குடும்பப் புகைப்படங்களைத் துறையின் பொறுப்பிலிருந்து மீட்டு வீட்டுச் சர்வரில் அடுக்குதல் – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

கூகுள் போட்டோஸ் 2015 மே மாதம் தொடங்கியபோது, சற்றுச் சுருக்கிய தரத்தில் எத்தனை படங்களையும் இலவசமாக வைக்கலாம் என்றது. 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏறும் படங்கள், மின்னஞ்சலும் பிற கோப்புகளும் பங்குபோடும் 15 ஜிபிக்குள் எண்ணப்படலாயின. ஃப்ளிக்கர் 2013இல் 1 டெராபைட் இலவசம் என்றது; 2018இல் இலவசக் கணக்குக்கு 1,000 படங்கள் போதும் என்று அறிவித்தது. வரம்பின்மையின் ஆயுள் ஐந்தாறு ஆண்டுகள் என்ற பொதுவிதியை ஆராய்ச்சிச் செலவே இல்லாமல் நிறுவித் தந்தமைக்கு முதல் நன்றி.

விதி புரிந்த வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று சர்வராகப் பதவி உயர்வு பெறுகிறது. லினக்ஸ், அதன்மேல் டாக்கர், அதற்குள் படங்களை அடுக்க இம்மிச் போன்ற திறந்த மூல மென்பொருள். கைபேசியில் அதன் செயலியைப் போட்டுவிட்டால், எடுத்த படம் வீட்டு வைஃபை வழியாகத் தானே வட்டில் போய் உட்காரும். வெளியூரிலிருந்து பார்க்க வயர்கார்டு போன்ற விபிஎன் போதும். ரவுட்டரின் கதவை ஊருக்கே திறந்துவைக்க வேண்டியதில்லை. இந்த அளவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்பது துறையிடம் ஏற்கெனவே ஒப்படைத்த படங்கள்தாம். கூகுளின் டேக்அவுட் வழியே கேட்டால் அவை ஜிப் மூட்டைகளாக வருகின்றன. ஆல்பத்தில் இருந்த படம் ஆண்டுக் கோப்புறையில் ஒரு முறையும் ஆல்பக் கோப்புறையில் மறு முறையும் வரக்கூடும். ஒவ்வொரு படத்துக்கும் துணையாக ஒரு ஜேசன் கோப்பு உண்டு. கேமரா எழுதிய எக்ஸிஃப் தேதி படத்துக்குள்ளேயே இருக்கும். ஸ்கேன் செய்த தாத்தாவின் படத்துக்குச் செயலியில் உட்கார்ந்து போட்ட தேதியும், பக்கத்தில் நிற்பவர் யார் என்று எழுதிய குறிப்பும் மட்டும் ஜேசனில் தனிக்குடித்தனம் செய்கின்றன. படம் ஒரு மூட்டையிலும் அதன் ஜேசன் வேறொரு மூட்டையிலும் கிடப்பது உண்டு. பெயர் நீளமாக இருந்தால் பாதியில் வெட்டப்படும். எதையும் மறைக்காமல் அத்தனையும் தந்துவிட்டு, எதுவும் எதோடும் பொருந்தாமல் பார்த்துக்கொள்வது நிர்வாகக் கலையின் உச்சம்.

ஜேசனில் உள்ள நேரமோ 1970 ஜனவரி 1 முதல் ஓடிய விநாடிகளின் எண்ணிக்கை, அதுவும் யுடிசி கணக்கில். 1546300800 என்றால் 2019 புத்தாண்டு, இந்தியாவில் காலை 5.30 மணி. ஐந்தரை மணி நேர வித்தியாசத்தைக் கூட்டாமல் அதைப் படத்துக்குள் எழுதினால், விடியற்காலை 4.45 முகூர்த்தத்தில் கட்டிய தாலி முந்தின நாள் தேதிக்குப் போய்விடும். ஜாதகம் பார்த்துக் குறித்த நாளை ஒரு நிரல் மாற்றுகிறது. ஜோசியர்கள் சங்கம் இதைக் கவனத்தில் கொள்ளவில்லை. ஆகவே இறக்குமதிக்கு முன் எக்ஸிஃப்டூல் கொண்டு நேர மண்டலத்தைச் சரிசெய்வது அவசியம்.

வாட்ஸ்அப் படங்கள் துறையின் தனிப் பெருமை. சாதாரணமாக அனுப்பும்போது எக்ஸிஃப் களையப்பட்டு, படமும் சுருங்கி வருகிறது. மிஞ்சுவது கோப்பின் பெயரில் உள்ள தேதி மட்டும். அது எடுத்த நாளாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சித்தப்பா 2009இல் எடுத்த படத்தைக் குடும்பக் குழுவில் இன்று போட்டால் அது இன்றைய படம். இம்மிச் நகல்களை செக்சம் கொண்டு பிடிக்கிறது. ஒரு பைட் மாறினாலும் அதற்கு அது வேறு படம். எனவே மூலமும் அதன் வாட்ஸ்அப் நிழலும் அருகருகே குடியிருக்கும். பார்வைக்கு ஒத்த படங்களைத் தேடும் வசதி தனியே உண்டு. எதை அழிப்பது என்பதை மனிதரே முடிவு செய்ய வேண்டும். ‘காலை வணக்கம்’ ரோஜாக்களை மட்டும் விசாரணையின்றி அழிக்கலாம்.

முகங்களை வீட்டு இயந்திரமே பிரித்தறிகிறது. படம் எங்கும் வெளியே போவதில்லை. தொட்டில் குழந்தையும் பள்ளிச் சீருடைச் சிறுமியும் இரண்டு ஆட்களாகப் பதிவாவது உண்டு, கையால் இணைத்துவிடலாம். இப்படி இணைத்த பெயர்களும் ஆல்பங்களும் படக் கோப்பில் அல்ல, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கின்றன. படக் கோப்புறையை மட்டும் நகலெடுத்த வீட்டுக்கு வட்டு செயலிழந்தபின் படங்கள் எல்லாம் திரும்பும், உறவுமுறை திரும்பாது. படத்தையும் குறிப்பையும் பிரித்து வைப்பதில் வீடும் துறையின் வழியிலேயே நடக்கிறது என்பதைப் பெருமையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

காப்பு நகல் விஷயத்தில் துறைக்கு இருக்கும் வசதி வீட்டுக்கு இல்லை. இரட்டை வட்டு ரெய்டு, ஒரு வட்டு செத்தால் காக்கும். தவறி அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழிக்கும். மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு கட்டடத்தில் என்பது நெடுநாளைய வழக்கம். அந்த வேறு கட்டடம் பெரும்பாலும் மாமியார் வீட்டு பீரோ. கடவுச்சொல் போட்டுக் கொடுத்த வட்டு அங்கே நகைகளோடு இருக்கும். கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த வட்டிலிருந்து படங்களை மீட்டுப் பார்க்கவும் வேண்டும்.

துறை இனி படத்தைத் திருப்பித் தரும்போது தேதியையும் குறிப்பையும் அதற்குள்ளேயே எழுதித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இணைப்பு: இக்கடிதத்தின் தேதியும் கையொப்பமும். இவை வேறொரு மூட்டையில் ஜேசனாக அனுப்பப்படுகின்றன; பொருத்திக்கொள்ளவும்.