கரைவலை அறிவிப்பில் வினைச்சொல்லின் அடக்கம்: ஓர் ஆய்வு

தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்த மாதங்களில் இலங்கையின் உடப்பு, கற்பிட்டிக் கரைகளில் கரைவலை இழுத்து முடிந்ததும் எழும் அறிவிப்பு இடம், மீன், வினை என்ற வரிசையில் அமையும்: "வலையில சூடை பட்டிருக்கு." வலை கேட்பவருக்குத் தெரிந்தது, சூடைதான் செய்தி. வினை இரண்டையும் சேர்த்துவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

ஆங்கிலத்தில் இடத்தை முன்னே வைத்து எழுவாயைக் கடைசிக்குத் தள்ளும் வாக்கியமும் இத்தகையதே. அதில் முன்னே நிற்பது பின்னே வருவதைவிடக் கேட்பவருக்குப் புதிதாக இருக்கலாகாது, வினையும் புதுச்செய்தி சுமக்கலாகாது என்று மொழியியலாளர் பெட்டி பர்னர் 1994, 1995ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் காட்டினார். இவ்விதியைக் கரையில் பொருத்திப் பார்த்தால் வினைகள் மூன்று இனமாகப் பிரியும்.

முதலாவது, அடக்கமான வினைகள்: படு, வா, கிட. வலையில் மீன் படுவது யாருக்கும் புதினமன்று. ஆகவே, கூடையோடு நிற்கும் வியாபாரி மீனின் பெயர் காதில் விழுந்ததுமே நடக்கத் தொடங்குவார். வினை அவருடைய முதுகுக்குச் சொல்லப்படும்.

இரண்டாவது, இடத்தோடு பழகிய வினைகள்: "வாடியில சம்மாட்டி கணக்குப் பார்க்கிறார்." கணக்குப் பார்ப்பது கனமான வேலைதான். ஆயினும் வாடி என்ற கரையோரக் குடிலில் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு அது எதிர்பார்த்த வேலை என்பதால் வினைக்கு அனுமதி கிடைக்கிறது. ஆங்கிலத்தில் 'வேலை செய்' என்ற வினையும் இதே சலுகையில் நுழைவதை மொழியியலாளர்கள் பெத் லெவினும் மல்கா ராப்பபோர்ட் ஹோவவும் 1995இல் எடுத்துக்காட்டினர்.

மூன்றாவது, முந்திரிக்கொட்டை வினைகள். "வலையில சூடை சிரிக்குது" என்பதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் விலை கேட்க வந்தவர் சிரிப்புக்குக் காரணம் கேட்பார், ஏலம் தடைப்படும்.

வினை புதுச்செய்தி சுமக்கலாகாது என்ற தடை நிரந்தரமன்று. மீன் முன்பே பேச்சில் வந்துவிட்டால் செய்திப் பொறுப்பு வினைக்கு மாறும். "காலையில பட்ட சூடை என்ன ஆச்சு?" என்றால் "நாறிப்போச்சு" என்ற வினை மட்டும் போதும், மீனின் பெயர் வேண்டியதில்லை.

எனவே விற்பவர் மீனையே எப்போதும் புதுச்செய்தியாக வைத்திருக்க விரும்புவார். வாங்குபவர் அதைப் பழஞ்செய்தியாக்கி வினைக்கு விரைவார். விலை இவ்விரண்டு அமைப்புகளுக்கும் நடுவே எங்கோ முடிவாகும்.