லண்டனில் எங்கள் ஊரார் மூவர்

திருகோணமலையில் குளிர் என்றால், மார்கழி மழையில் நனைந்த சாரம் மூன்று நாளாகக் கொடியில் காயாமல் கிடப்பது. அந்த அனுபவத்தை நம்பித்தான் டிசம்பரில் லண்டனுக்கு விமானம் ஏறினேன். "அண்ணா, ஜூன், ஜூலையில வாங்கோ" என்று தங்கச்சி தலையால் அடித்துச் சொன்னாள். கிறிஸ்மஸுக்கு முந்திய இரண்டு கிழமையும் ரிக்கெற் மலிவு என்று ஏஜென்சிக்காரர் சொன்ன பிறகு அவள் பேச்சு எடுபடவில்லை. நுவரெலியாவில் ஒரு இரவு தங்கியவன் நான். அப்போது வாங்கிய சுவெற்றரும் பெட்டிக்குள் இருந்தது.

ஹீத்ரோ விமான நிலையத்துக்கு வெளியே கால் வைத்ததும் தெரிந்தது, நுவரெலியா எனக்குப் படிப்பித்தது அரிச்சுவடி மட்டுமே. நல்ல வேளையாக மச்சான் தன் பழைய கோட்டோடு வந்திருந்தார். அவர் ஆறடி, நான் ஐந்தடி நாலங்குலம். அதற்குள் நுழைந்த பிறகு நான் கோட் போட்டவனாகத் தெரியவில்லை, கோட்டுக்குள் குடிவந்தவனாகத்தான் தெரிந்தேன். வீட்டுக்குப் போய் ஒரு பிளேன்ரீ குடித்து நிமிர்ந்தால், மாலை நாலு மணிக்கே ஊர் இருண்டுவிட்டது. இலங்கைக்காரன் அல்லவா, கரண்ட் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

மருமகன் பெரிய பட்டியல் போட்டு வைத்திருந்தான்: ராட்டினம், அரண்மனை, மெழுகுச் சிலைகள். எனக்கு ஒரே ஒரு ஆசைதான். "பிரெடெரிக்கைப் பார்க்க வேணும்."

"அது ஆர் மாமா?"

கேட்டானே ஒரு கேள்வி! ஐம்பது வருசமாக அவர் பெயர் கொண்ட கோட்டை வாசலால்தான் கோணேசர் கோயிலுக்குப் போய் வருகிறேன். பழைய கோயிலை இடித்த கல்லில் போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் திருத்தி, 1795 இல் ஆங்கிலேயர் பிடித்த கோட்டை அது. 1803 இல் அதற்கு யோர்க் கோமகன் பிரெடெரிக்கின் பெயரை வைத்தார்கள். மனிதர் ஒருநாளும் எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வராதவரை நாமாவது போய்ப் பார்க்க வேண்டாமா?

பார்த்தேன். வாட்டர்லூ பிளேஸில், நாற்பது மீற்றருக்கு மேல் உயர்ந்த தூணின் உச்சியில் நிற்கிறார். படையினர் ஒவ்வொருவரிடமும் ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துத்தான் அந்தத் தூணுக்குப் பணம் சேர்த்தார்களாம். மனிதர் பெருங்கடனோடு செத்தவர்; கடன்காரருக்கு எட்டாத உயரத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று அந்தக் காலத்து லண்டன்காரர் கேலி பேசினார்கள். சீட்டுக் காசு கட்டாமல் ஒளித்துத் திரிகிற எங்கள் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் முகச்சாயல் அந்தச் சிலையில் எனக்குத் தெரிந்தது. படையை மலையில் ஏற்றி இறக்கியதாகப் பிரெடெரிக்கைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு நையாண்டிப் பாட்டும் உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் பூசைக்காக அவர் கோட்டைக்குள்ளால் மலை ஏறி இறங்குகிறவர்கள் நாங்கள்; அந்தப் படை இன்னும் கலையவில்லை என்று யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.

அங்கிருந்து சில நிமிட நடையில் டிரஃபல்கர் சதுக்கம். 1947 முதல் வருசா வருசம் நோர்வே மக்கள் அனுப்பிவைக்கும் கிறிஸ்மஸ் மரம் ஒளிர்ந்துகொண்டு நிற்கிறது. அதற்கும் மேலே, ஐம்பது மீற்றர் உயரத்தில், கடற்படைத் தளபதி நெல்சன். எங்கள் கோயில் இருக்கும் சுவாமி மலை உச்சியில் நின்று கடலைக் குனிந்தே பார்த்துப் பழகிய கழுத்து, நிமிர மறுத்தது. உலகத்திலேயே சிறந்த துறைமுகம் எங்களுடையது என்று நெல்சன் சொன்னதாக எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பால்குடி மறக்க முதலே பாடமாக்கிவிடுவார்கள்.

"அதை இங்க எங்கயாவது எழுதியிருக்கோ மாமா?" என்றான் மருமகன்.

மானப் பிரச்சினை. மூக்கு நுனி மரத்துப்போகத் தூணைச் சுற்றி வந்தேன். நாலு பக்கமும் வெண்கலப் புடைப்புச் சிற்பங்கள்: செயின்ட் வின்சென்ட், நைல், கோப்பன்ஹேகன், டிரஃபல்கர். எல்லாம் சண்டைகள். அவரோடு ஒரு சண்டை பிடிக்காமல் விட்டது எங்கள் முன்னோர் செய்த பிழை.

மூன்றாமவர் வெலிங்டன். 1800 டிசம்பரில், வெறும் கேணல் வெல்லெஸ்லியாக, படையெடுப்பு ஒன்றுக்கு ஆயத்தம் செய்யத் திருகோணமலைக்கு வந்தவர். அவர் பெயரால் கோட்டைக்குள் ஒரு வீடு இருக்கிறது. அந்தப் பக்கமெல்லாம் புள்ளிமான்கள் திரியும். ஹைட் பார்க் மூலையில் இருக்கிற அவருடைய மாளிகைக்கு 'நம்பர் வன், லண்டன்' என்று பெயர். வெளியே நின்றுதான் பார்த்தேன். ஒரு மானும் இல்லை. எங்கள் குளிர்காலத்துக்கு அவர் வந்தார், அவர்கள் குளிர்காலத்துக்கு நான் வந்தேன். இந்தக் கொடுக்கல் வாங்கலில் லாபம் யாருக்கு என்பது என் பல்லுக்குத் தெரியும், அது தந்தியடித்துக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து எட்டுக் கிலோமீற்றரில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளை விட்டுவிட்டு வந்தவனை என்னவென்று சொல்வது?

நெல்சனும் வெலிங்டனும் அடக்கமாகியிருப்பது புனித பவுல் பேராலயத்தின் நிலவறையில். நுழைவுக் கட்டணப் பவுண்களை ரூபாயில் பெருக்கிப் பார்த்து ஒரு நிமிடம் படியிலேயே நின்றேன். ஆனால் உள்ளே காற்று வரவில்லை. இரண்டு கல்லறைக்கும் நடுவே ஒரு மணி நேரம் மாறி மாறி நின்றேன். மாமா உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று மருமகன் தங்கச்சிக்குச் சொல்லியிருக்கிறான். உண்மையில், கால்விரல்களுக்கு உணர்ச்சி திரும்பும்வரை காத்திருந்தேன்.

ஊருக்கு வந்ததும் அயலட்டைக்காரர் கேட்டார்கள்: "லண்டனில் என்ன பார்த்தீர்கள்?" எங்கள் ஊரார் மூன்று பேரை என்றேன். குளிர் மூளைக்கு ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம்.

பதிலுக்கு அவர்களுடைய ஆள் ஒருவர் எங்களிடம் இருக்கிறார். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஆஸ்டின், 1852 இல் பர்மாவில் வாந்திபேதியில் இறந்தவர், திருகோணமலைச் சேமக்காலையில்தான் அடக்கமாகியிருக்கிறார். அக்கா வின்செஸ்டர் பேராலயத்தில், தம்பி எங்கள் கடற்கரைக் காற்றில். தூணும் இல்லை, கட்டணமும் இல்லை.

அவரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மே முதல் செப்டெம்பருக்குள் வாங்கோ. மார்கழியில்தான் வருவோம் என்று நின்றால் குடை மட்டும் கொண்டு வந்தால் போதும். கோட் என்னிடம் இருக்கிறது, இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம்.