வெற்றிலைக் கூறு மகாத்மியம்

சப்ரகமுவத் தோட்டங்களில் வெற்றிலைக் கூறைப் போன்ற விசுவாசமான உழைப்பாளியை நான் கண்டதில்லை. பிரட்டுக்களத்தில் பெயர் கொடுப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடும். கொழுந்து நிறுத்து முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாது, கன்னத்துக்குள்ளேயே தங்கும். சம்பள உயர்வு கேட்டுக் கொடி பிடிக்காது. பகல் சோற்றுக்கு வழியில்லாதவரின் பசியை அடக்கும், அடைமழையில் உடம்பைச் சூடாக்கும். எந்தத் துரைக்கு வரும் இந்தத் தாராள மனசு?

அதன் இரசாயன ஞானமோ பல்கலைக்கழகத்தையே வெட்கப்பட வைக்கும். வெற்றிலையின் முதுகில் விரலால் சுண்ணாம்பை இழுவி, சீவிய பாக்கும் ஒரு கிள்ளுப் புகையிலையும் வைத்து மடித்தால் ஆய்வுகூடம் தயார். சுண்ணாம்பின் காரத்தில் பாக்கின் பொலிபீனோல்கள் ஒட்சியேற, சுப்பரொட்சைட்டும் ஐதரசன் பேரொட்சைட்டும் உமிழ்நீரிலேயே பிறக்கின்றன. சலூனில் தலைமயிரை வெளுக்கப் பூசும் அதே சரக்கு, வாய்க்குள்ளேயே, இலவசமாக!

வரவழைக்கும் விருந்தாளியும் லேசுப்பட்டவரில்லை. புண்பட்ட கன்னத்தின் கலங்கள் நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரக்கின்றன. இரத்தக் குழாயைத் தளர்த்தும் அதன் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசே கிடைத்தது. அளவோடு இருந்தால் நல்ல பிள்ளைதான். அளவு மீறிச் சுப்பரொட்சைட்டோடு கூட்டுச் சேர்ந்தால், அவற்றின் வாரிசு மரபணுவிலேயே கை வைக்கும். கட்டி தலையெடுத்த பின் கருணை இன்னும் பெருகும். அதற்கு ஊட்டம் போக, புது இரத்தக் குழாய்கள் கிளைக்க ஒத்தாசை செய்யும். லயத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய் வர எத்தனை தேர்தல் காத்திருந்தோம்! கட்டிக்கு மனுக்கூட எழுத வேண்டாம்.

பட்டங்களுக்கும் குறைவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்த்த கூறு புற்றுநோய் தரும் என்று 1985இலேயே ஒப்புக்கொண்டது. புகையிலை இல்லாவிட்டாலும் அந்தத் தகுதி உண்டென்று 2003இல் உறுதி செய்தது. 2006 நவம்பரில் சப்ரகமுவவில் தொடங்கிய ஓர் ஆய்வில், 30 வயது தாண்டியவர்களில் நூற்றுக்குப் பதினொரு பேரின் வாயில் புற்றாக மாறக்கூடிய அடையாளங்கள் இருந்தன. கன்னத்தில் ஆறாத வெள்ளைத் திட்டு ஒருவருக்கு. சோற்றுருண்டை நுழையாத அளவுக்கு இறுகிய வாய் இன்னொருவருக்கு. யாரையும் வெறுங்கையோடு அனுப்பாத குணம்!

வழிச்செலவிலும் நமக்குச் சிக்கனந்தான். இரத்தினபுரியிலிருந்து கொழும்புக்குப் போகும் ஏ4 வீதி மகரகம ஊடாகவே போகிறது. புற்றுநோய் ஆஸ்பத்திரியும் அங்கேதான் இருக்கிறது.