ஆறேகால் மணி நோயும் பத்து மணி வைத்தியரும்

ஊட்டியில் டூவீலர் மெக்கானிக் கடைகள் பத்து மணிக்கு முன்னால் ஷட்டரைத் தூக்குவதில்லை. என் வண்டிக்கு நோய் வருவதோ காலை ஆறேகாலுக்கு. மார்கழி, தை மாதங்களில் அந்த நேரத்துக்குக் காந்தல் பக்கமும் தலைகுந்தாவிலும் புல் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். என் வண்டி சீட்டிலும் அதே வெள்ளை. பட்டனை அமுக்கினால் ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சனிக்கிழமை பத்து மணிக்கு வெயில் ஏறி, பெட்ரோல் டேங்க் கைக்கு இதமாக இருக்கும்போது அதே வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் பாய் கடையில் நிறுத்தினால், அவர் ஒரு விரலை வைப்பார். உடனே ‘டுர்ர்ர்’. விரலை எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

"வண்டி நல்லாத்தானே இருக்கு சார்?"

நல்லா இல்லாதது வேறு யாரோ என்ற சந்தேகம் அந்தக் கேள்வியில் தொக்கி நிற்கும்.

ஆறேகாலுக்கு எதற்குக் கிளம்ப வேண்டும் என்றால், பத்தாம் வகுப்புக்கு ஏழு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ். நான் அறிவியல் வாத்தியார். பாட்டரியைப் பற்றி ஒரு பீரியட் முழுக்க மூச்சு விடாமல் பேசுவேன். ஈயத் தகடு ஒரு பக்கம், ஈய டை ஆக்சைடு தகடு மறுபக்கம், நடுவில் நீர்த்த கந்தக அமிலம். 1859இல் காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் செய்து காட்டியது. செல்லுக்கு இரண்டு வோல்ட்டும் கொசுறும், ஆறு செல் சேர்ந்தால் 12 வோல்ட். நான் கரும்பலகையில் வரைந்த பாட்டரி ஒரு நாளும் இறங்கியதில்லை.

குளிரில் வண்டி ஏன் மக்கர் பண்ணுகிறது என்பதும் எனக்கு அத்துப்படி. குளிர்ந்தால் பாட்டரிக்குள் ரசாயன வினை மந்தமாகிவிடும். வேண்டிய கரண்டை ஒரே மூச்சில் கொடுக்க அதற்குத் தெம்பிருக்காது. அதே குளிரில் இன்ஜின் ஆயிலும் கெட்டிப்படும். அதைக் கலக்கிச் சுற்ற ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் கரண்ட் வேண்டும். கொடுக்கிறவன் கை சுருங்குகிற நேரம் பார்த்துத்தான் கேட்கிறவனுக்குச் செலவு கூடும். அந்த ‘டிக் டிக்’குக்கும் காரணம் உண்டு. ரிலே ஒட்டியதும் மோட்டார் கரண்டை இழுக்கும், வோல்டேஜ் சரியும், சரிந்ததும் ரிலே விட்டுவிடும், விட்டதும் வோல்டேஜ் ஏறும், ரிலே மறுபடி ஒட்டும். இத்தனையும் தெரிந்த ஒருவன் வாசலில் குல்லாவும் ஸ்வெட்டருமாக நின்று கிக்கரை உதைத்துக்கொண்டிருப்பதுதான் எங்கள் தெருவின் காலைக் காட்சி.

கிக்கர் இருக்கும்போது பாட்டரி எதற்கு என்பீர்கள். இந்த வண்டியில் ஸ்பார்க்குக்கான கரண்டும் பாட்டரி வழியாகத்தான் வந்தாக வேண்டும். அது ரொம்ப இறங்கிப் போனால் உதைப்பது தேகப்பயிற்சியோடு சரி. சில நாள் கிக்கர் திருப்பியும் உதைக்கும். கார் இன்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்றிய காலத்தில் இப்படித் திருப்பி அடித்து மணிக்கட்டே ஒடிந்திருக்கிறது; அந்தத் தொல்லை வேண்டாமென்றுதான் சார்ல்ஸ் கெட்டரிங் 1911இல் செல்ஃப் ஸ்டார்ட்டரைச் செய்தார். நூறு வருஷத்துக்குப் பிறகு அவருடைய பட்டன் என்னைப் பழைய இடத்துக்கே அனுப்பிவிட்டது.

ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு முன்னால் யாரும் சும்மா கடந்து போவதில்லை. பால்காரர் கேனை இறக்கி வைத்துவிட்டு, "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு சார்" என்றார். "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும், அந்த விஷயத்துல அனுபவஸ்தர்" என்று ஜன்னலுக்குள்ளிருந்து என் மனைவி சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மறுநாள் பால் என்னவோ கெட்டியாக இருந்தது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் எதற்கும் பிளக்கைத்தான் சொல்வார். கழற்றிப் பார்த்தால் அட்டைக்கரியாக இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினோம், வண்டி அசையவில்லை. வாக்கிங் வருகிற ரிட்டையர்டு சுபேதார், லடாக்கில் லாரிக்கு அடியில் தீ மூட்டித்தான் கிளப்புவார்கள் என்று சொல்லி, பேப்பரைச் சுருட்டவே ஆரம்பித்துவிட்டார். அவர் லாரி டீசல், என் டேங்கில் இருப்பது பெட்ரோல் என்று புரிய வைப்பதற்குள் எனக்குக் குளிர் விட்டுப் போய்விட்டது.

ராத்திரி பாட்டரியைக் கழற்றி உள்ளே வைத்தால் கதகதப்பாக இருக்கும் என்று யோசனை சொன்னவர் பக்கத்து வீட்டு ஆசிரியர். உண்மையிலேயே நல்ல யோசனை. ஆனால் எங்கள் வீட்டில் கதகதப்பான இடம் ஒன்றே ஒன்றுதான்: அடுப்பு மேடைக்குக் கீழே. அங்கே ஏற்கெனவே பூனை குடியிருந்தது. பக்கத்தில் பாட்டரியை வைத்ததும் மாமியார் கேட்டார்: "மாப்பிள்ளை, இதுக்குள்ள ஆசிட்டுதானே இருக்கு?" ஆமாம் என்றேன். "தோசைமாவு பக்கத்துல இருக்கே?" அது மூடிய பாட்டரி, சிந்தாது என்று விளக்கினேன். அவர் மாவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். குளிரில் மாவு புளிக்கவில்லை, மறுநாள் உப்புமா. வண்டி வேறு அன்றைக்கு வேகமாகச் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. அப்போதே எனக்கு ஒன்று உறைத்திருக்கலாம்: சுற்றுகிறது என்றால் பாட்டரி தன் வேலையைச் செய்துவிட்டது; வேறெங்கோ இன்னொரு கோளாறு இருக்கிறது. உப்புமா நினைப்பில் யோசனை அந்தப் பக்கம் போகவில்லை.

ஊட்டியில் புத்திசாலிகள் வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்துவார்கள். இரண்டாவது கியரைப் போட்டு, கிளட்சைப் பிடித்து உருட்டி, வேகம் வந்ததும் கிளட்சை விட்டால் சக்கரமே இன்ஜினைச் சுற்றிவிடும். என் வீடு பள்ளத்தில். தண்ணீர் தானாக வந்து சேரும் என்று மாமனார் பார்த்துக் கொடுத்த வீடு. தண்ணீர் வந்து சேரும், வாஸ்தவம். வண்டியை மேட்டு முனை வரை தள்ளினால்தான் அந்தப் பக்கத்து இறக்கம் கிடைக்கும். அதற்கு ஸ்பெஷல் கிளாஸுக்குப் போகிற என் பையன்களே வந்து கை கொடுத்தார்கள். தள்ளும்போது பாடமும் நடந்தது. கியர் இல்லாத ஸ்கூட்டரை ஏன் இப்படிக் கிளப்ப முடியாது என்று கேட்டேன். இன்ஜின் சுற்றினால்தான் அதன் கிளட்ச் பிடிக்கும். சக்கரத்தை எவ்வளவு உருட்டினாலும் இன்ஜினுக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பாடத்தை மட்டும் எந்தப் பையனும் மறக்கவில்லை.

பாயிடம் கடைசியாக ஒரு சமாதானத்துக்கு வந்தேன்: ராத்திரி வண்டி உங்கள் கடையிலேயே இருக்கட்டும், காலையில் ஆறு மணிக்கு வந்து நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். மனுஷன் தங்கமானவர், வந்தார். ஒரே உதையில் வண்டி கிளம்பிவிட்டது. அவர் கடைக்கும் அடுத்த பேக்கரிக்கும் ஒரே சுவர். வர்க்கி போடுகிற பேக்கரி. ராத்திரியெல்லாம் விறகு அடுப்பு கனன்றுகொண்டிருக்கும். என் வண்டி அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு நெய் வாசனையோடு தூங்கி எழுந்திருக்கிறது. எங்கள் வீட்டில் எனக்கே அந்த வசதி கிடையாது.

பிறகு பாயை வீட்டுக்கே வரவழைத்தேன். மங்கி கேப்புக்குள் மூக்கு மட்டும் தெரிய, ஆறு மணிக்கு வந்து நின்றார். பள்ளிக்கூட லேபிலிருந்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, மல்டிமீட்டர் கொண்டுவந்து வைத்திருந்தேன். சும்மா இருக்கும்போது பாட்டரி 12.1 காட்டியது, நன்றாக ஏறிய பாட்டரி என்றால் 12.6க்கு மேல் இருக்க வேண்டும். பட்டனை அமுக்கியதும் எட்டுக்குச் சரிந்தது. "பாட்டரி பட்டினி கெடக்கு சார்" என்றார் பாய். எதனால் என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. ஹேண்டில்பாரில் ஒரு நீல விளக்கு, சாவியைக் கையில் எடுத்த பிறகும் மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. என் மச்சினன் மகன், கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறவன், லீவுக்கு வந்தபோது அன்பளிப்பாக மாட்டிவிட்டுப் போன மொபைல் சார்ஜர். சாவி வழியாக இணைக்காமல் நேரே பாட்டரியில் கொடுத்திருக்கிறான். மீட்டரை நடுவில் வைத்துப் பார்த்தால் இருபது மில்லி ஆம்பியர். பார்க்கச் சின்னதுதான், ஒரு நாள் ஓடினால் ஏறத்தாழ அரை ஆம்பியர் அவர். பாட்டரி மொத்தமே 5 ஆம்பியர் அவர். பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் ஸ்டார்ட்டர் தின்றதையே திரும்ப ஏற்ற முடியாது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்பதால் ஹெட்லைட்டை அணைக்க ஸ்விட்சும் கிடையாது, அது தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை நீல விளக்கு பார்த்துக்கொண்டது.

"அவன் ஆசையா மாட்டிக் கொடுத்தான். ஒரு சின்ன லைட்டைத் தாங்க உங்க பாட்டரிக்குத் தெம்பில்ல" என்றாள் மனைவி. அண்ணன் மகன் அல்லவா?

அதோடு முடியவில்லை. தன் வண்டியிலிருந்து ஒயர் போட்டு ஜம்ப் கொடுத்தார் பாய். இன்ஜின் ஜோராகச் சுற்றியது, பிடிக்கவில்லை. "சோக்கை இழுங்க" என்றார். இழுத்தேன். குனிந்து கார்ப்பரேட்டர் பக்கம் விரலை விட்டுப் பார்த்தவர், "இழுங்க சார்" என்றார் மறுபடி. இழுத்துத்தான் பிடித்திருக்கிறேன் என்றேன். அவர் உறையிலிருந்து ஒயரை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். துருப்பிடித்த நாலு கம்பி நூல், நுனி பிரிந்து, அறுந்து போய். மேலே லிவர் ஆடுகிறது. கீழே ஒன்றும் அசையவில்லை. ஏனென்றும் புரிந்தது. இது மேட்டுப்பாளையத்தில் ஓடிய வண்டி, செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். அந்த ஊர் வெயிலில் சோக்குக்கு என்ன வேலை? தொடாமலே துருவேறிவிட்டது. ஊட்டி கடல் மட்டத்துக்கு 2,240 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு, கீழே டியூன் பண்ணிய கார்ப்பரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாகத் தள்ளும். பிளக் கரியானது அதனால்தான். அதைப் பார்த்து பாய் போன மாசமே பெட்ரோலைக் குறைத்து வைத்திருக்கிறார். பகலுக்கு அது சரி. உறைபனியில், சோக்கும் இல்லாமல், குறைத்த பெட்ரோலில் எந்த வண்டி பிடிக்கும்? பாய் இதைத் தானே சொல்லிவிட்டு, கூலியில் பாதியைக் குறைத்துக்கொண்டார்.

புது சோக் கேபிள் போட்டு, சார்ஜரைச் சாவி வழியாக மாற்றி, பாட்டரியை ஒரு ராத்திரி சார்ஜில் வைத்தாயிற்று. இப்போது சோக்கை இழுத்து இரண்டு உதை, மூன்றாவதுக்கு அவசியமில்லை. பால்காரர் தான் அன்றைக்கே பெட்ரோல் விஷயம்தான் என்று சொன்னதாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சுபேதார் மட்டும் என்னுடன் பேசுவதில்லை.

கஷ்டம் பையன்களுக்குத்தான். ஏழே காலுக்கு வந்து, "சார் வண்டியைத் தள்ளினோம் சார்" என்று சொல்ல இனி வழியில்லை. போன வாரம் நாலு பேர் ஏழரைக்கு வந்தார்கள். எங்கேடா போனீர்கள் என்றேன்.

"எச்.எம். ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகல சார். மார்க்கெட்லேர்ந்து தள்ளிட்டு வந்தோம்."

"ஸ்கூட்டர் தள்ளினா ஸ்டார்ட் ஆகாதுன்னு சொல்லிக் கொடுத்தேனேடா?"

"ஞாபகம் இருக்கு சார். எச்.எம்.முக்குத்தான் தெரியல."